கட்டளை வரியில் உரைத் திருத்தியைக் குறித்து வைக்கும் முறை

தொலைவிலுள்ள ஒரு மழைமானி நிலையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவை அங்குள்ள சிறு கணினி தானே தொகுத்து, 9 மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. இவ்வேலை எப்பொழுது நடைபெற வேண்டும் என்பது, கிரான் எனப்படும் நிரலின் அட்டவணையில் ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கிறது. இனி 8.45 மணிக்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வருகிறது. பொறுப்பிலுள்ள ஊழியர் அட்டவணையைத் திறக்கும் கட்டளையைக் கொடுக்கிறார். அவர் அதுவரை கண்டிராத ஒரு நிரல் திரையில் தோன்றுகிறது. அவர் அடிக்கும் எழுத்துகள் திரையில் விழவில்லை. சில விசைகளை அழுத்தியதும் எழுத்துகள் மறைகின்றன. கடைசியில் வரியே காணாமற் போகிறது. வெளியேறும் வழியை யாரோ சொல்ல, அவ்வாறே செய்கிறார். அவ்வழி, செய்த மாற்றத்தைச் சேமித்துவிட்டு வெளியேறும் வழி என்பதை அவர் அறியார்.

மறுநாள் காலையில் மழையளவு போய்ச் சேரவில்லை. இல்லாத வரியைப் பற்றிக் கிரான் எவ்விதப் புகாரும் செய்வதில்லை. தனக்கு அத்தகைய வேலை ஒன்று இருந்தது என்பதையே அது அறியாது. அளவு கருவியில் பதிந்திருக்கலாம். ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ளோருக்கு அது பயன்பட வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

இத்தவறு ஊழியரின் அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. தமக்குப் பழக்கமான கருவியை அவர் கணினிக்கு முன்கூட்டியே குறிப்பிட்டு வைக்கவில்லை. கணினி தானாக ஒன்றைத் தேர்ந்துகொண்டது. அதைக் குறித்து வைக்க ஒரே வரி போதும். அவ்வரியை எழுதும் முறையையும், அது வேலை செய்யும் விதத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்துகளாலேயே அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஒலி மட்டும் தமிழில் தரப்படுகிறது.

ஷெல்லும் திருத்தியும்

லினக்ஸ், யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பாஷ் என்பது அவற்றுள் மிகுதியாக வழங்குவது. ஒரு கோப்பில் உள்ள எழுத்துகளைத் திறந்து மாற்றிச் சேமிக்கும் நிரலுக்கு உரைத் திருத்தி, அதாவது எடிட்டர், என்று பெயர். இவை இரண்டும் வேறு வேறு நிரல்கள்.

பல நிரல்கள் திருத்தும் வேலையைத் தாமே செய்வதில்லை. கிரான் அட்டவணையை மாற்ற உதவும் கிரான்டாப், நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், நிர்வாக உரிமைக் கோப்பைத் திருத்தும் விசூடோ, நீண்ட கோப்புகளைப் படிக்க உதவும் லெஸ் ஆகிய யாவும் திருத்த வேண்டிய சமயத்தில் வேறொரு திருத்தியை அழைக்கின்றன. எதை அழைப்பது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

ஷெல் தன்னிடம் சில பெயர்களையும் அவற்றுக்கு உரிய மதிப்புகளையும் வைத்திருக்கிறது. இவற்றுள், தன்னால் தொடங்கப்படும் நிரல்களுக்கும் பிரதி செய்து கொடுக்கப்படுபவற்றைச் சூழல் மாறிகள் என்பர். ஓர் அலுவலகத்தில் வாயிலருகே தொங்கும் அறிவிப்புப் பலகையை இதற்கு உவமையாகக் கூறலாம். உள்ளே வரும் ஒவ்வொருவரும் அதைப் படித்துக்கொண்டு செல்கிறார். அப்பலகையில் ‘எடிட்டர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு திருத்தியின் பெயர் எழுதியிருந்தால், நிரல்கள் அதனை அழைக்கும். எழுதப்படாவிட்டால், ஒவ்வொரு நிரலும் தன்னுள் முன்பே அமைந்த வழக்கத்தைப் பின்பற்றும். அவ்வழக்கம் பல இடங்களில் விஐ என்னும் பழைய திருத்தியே. நம் ஊழியருக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டு பெயர்கள் வந்த காரணம்

திருத்தியைக் குறிக்க ‘எடிட்டர்’, ‘விஷுவல்’ என இரண்டு மாறிகள் உள்ளன. இது வீணான இரட்டிப்பு அன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகத் தொடங்கியது. அக்காலத்தில் கணினியோடு உரையாடத் திரை பயன்படவில்லை. காகிதச் சுருளில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரமே இருந்தது. காகிதத்தில் அச்சான எழுத்தை அழித்து மீண்டும் எழுத இயலாது. ஆகவே கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் திருத்தி, ஒரு தடவைக்கு ஒரு வரியாக வேலை செய்தது. அது பேச்சில் மிகவும் சிக்கனமானது; தவறு நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டு நின்றுவிடும்.

பின்னர்த் திரையுள்ள முனையங்கள் பரவின. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-ஆம் ஆண்டு அளவில் விஐ திருத்தியை உருவாக்கினார். திரை முழுவதும் கோப்பைக் காட்டி, எந்த இடத்திலும் கர்சரை நகர்த்தித் திருத்த அது வழி செய்தது. அப்பொழுது சில இடங்களில் காகித முனையமும் சில இடங்களில் திரை முனையமும் இருந்தமையால், இரண்டுக்கும் தனித்தனியே திருத்தியைக் குறிக்க வேண்டியதாயிற்று. வரித் திருத்திக்கு ‘எடிட்டர்’ என்றும், திரைத் திருத்திக்கு ‘விஷுவல்’ என்றும் பெயர் நிலைத்தது.

இன்று காகித முனையங்கள் வழக்கில் இல்லை; ஆயினும் இரு பெயர்களும் நிலைத்துவிட்டன. பல நிரல்கள் முதலில் ‘விஷுவல்’ மாறியைப் பார்க்கின்றன. அது இல்லையெனில் ‘எடிட்டர்’ மாறியைப் பார்க்கின்றன. சில ‘எடிட்டர்’ ஒன்றையே அறியும். ஆகவே இரண்டிலும் ஒரே திருத்தியைக் குறித்துவிடுவது நலம். ஒன்றில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறு பெயரும் இருக்குமாயின், ஒரு நிரல் ஒன்றையும் இன்னொரு நிரல் மற்றொன்றையும் திறக்கும். காரணம் தெரியாமல் மயங்க நேரும்.

எத்திருத்தியைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகக் கற்பவர்களுக்கு நேனோ ஏற்றது. இதனை 1999-ஆம் ஆண்டில் கிறிஸ் அல்லெக்ரெட்டா தொடங்கினார். அடித்த எழுத்து அடித்தபடியே திரையில் விழும். முக்கியமான விசைகள் திரையின் அடியில் எழுதிக் காட்டப்படும். கன்ட்ரோல் விசையுடன் ‘ஓ’ எழுத்தை அழுத்தி, பின் என்டர் விசையைத் தட்டினால் கோப்பு சேமிக்கப்படும். கன்ட்ரோலுடன் ‘எக்ஸ்’ அழுத்தினால் வெளியேறலாம். சேமிக்காத மாற்றம் இருந்தால் அது ஒரு கேள்வி கேட்ட பிறகே வெளிவிடும்.

விஐ திருத்தியும், ப்ராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட அதன் விரிந்த வடிவமான விம்மும், பழகியவர் கையில் மிக வேகமான கருவிகள். நாள் முழுவதும் கோப்புகளோடு உழைப்பவர்கள் அவற்றைக் கற்பது வீண் போகாது. ஈமாக்ஸ் என்பது மற்றொரு பெரிய திருத்தி. எது சிறந்தது என்ற வாதம் இங்கு வேண்டா. மாதத்துக்கு ஒரு முறை ஒரு வரியை மாற்றும் ஊழியருக்கு, தவறு செய்ய இடங்கொடாத கருவியே சிறந்த கருவி.

குறித்து வைக்கும் முறை

பாஷ் ஷெல்லில் பின்வரும் இரு வரிகளை எழுத வேண்டும்:

எக்ஸ்போர்ட் எடிட்டர்=நேனோ

எக்ஸ்போர்ட் விஷுவல்=நேனோ

இவற்றில் ‘எக்ஸ்போர்ட்’, ‘நேனோ’ ஆகிய சொற்களைச் சிறிய எழுத்துகளிலும், ‘எடிட்டர்’, ‘விஷுவல்’ ஆகிய பெயர்களை முழுவதும் பெரிய எழுத்துகளிலும் அடிக்க வேண்டும். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடலாகாது. இடைவெளி விட்டால் ஷெல் அதனை வேறு பொருளில் கொண்டு பிழை காட்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே.

இவ்வரிகளைக் கட்டளை வரியில் அடித்தால், அந்த அமர்வு முடியும் வரைதான் அவை நிலைக்கும். சாளரத்தை மூடியதும் மறைந்துவிடும். நிலையாக இருக்க வேண்டுமாயின், ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் கோப்பில் எழுத வேண்டும். அதற்கான படிகள் வருமாறு:

1. பயனரின் முகப்பு அடைவில் பாஷ்-ஆர்-சி என்னும் கோப்பு உள்ளது. அதன் பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்குவதால், சாதாரணப் பட்டியலில் அது தோன்றாது. அதனை நேனோவால் திறக்கவும். முகப்பு அடைவை ~ என்னும் குறியால் சுட்டலாம்.

2. கோப்பின் இறுதிக்குச் சென்று, மேற்கூறிய இரு வரிகளை எழுதவும். மற்ற வரிகளைத் தொட வேண்டா.

3. சேமித்து வெளியேறவும்.

4. சாளரத்தை மூடிப் புதிதாக ஒன்றைத் திறக்கவும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல், தான் தொடங்கிய நேரத்தில் படித்ததையே வைத்திருக்கும்.

திருத்தியைத் திறக்காமலே, > என்னும் குறியைக் கொண்டு ஒரு வரியைக் கோப்பில் சேர்க்கும் குறுக்குவழி உண்டு. அதில் இக்குறியை இரண்டு முறை இட்டால்தான் வரி கோப்பின் முடிவில் சேரும். ஒன்று மட்டும் இட்டால் பழைய கோப்பு முழுவதும் அழிந்து, புதிய வரி மட்டும் எஞ்சும். ஆதலால் புதியவர்கள் குறுக்குவழியைத் தவிர்ப்பது நன்று.

டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த கணினிகளில் இன்னொரு வசதியும் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இக்குடும்பத்தைச் சார்ந்தது, உபுண்டுவும் அவ்வாறே. இவற்றில் ‘செலக்ட்-எடிட்டர்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால், நிறுவப்பட்டுள்ள திருத்திகள் எண்களுடன் பட்டியலிடப்படும். வேண்டிய எண்ணை அடித்தால் போதும். ஆனால் இத்தேர்வை எல்லா நிரல்களும் மதிப்பதில்லை. மேலும், மேற்கூறிய மாறிகள் குறிக்கப்பட்டிருந்தால் அவையே முந்தும். எனவே மாறிகளைக் குறிப்பதே பொதுவான வழி.

மேற்கூறிய முறைகள் அந்தப் பயனருக்கு மட்டுமே உரியவை. கணினி முழுமைக்கும் உரிய வழக்கத்தை மாற்ற, நிர்வாகி ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தலாம். பலர் பழகும் கணினியில் பிறருடைய வழக்கத்தைக் கேளாமல் மாற்றுவது முறையன்று.

வேறு ஷெல்கள்

2019-இல் வெளிவந்த மேக் இயங்குதளம் முதல், ஆப்பிள் கணினிகளில் புதிய பயனருக்கு இஸட் ஷெல்லே அளிக்கப்படுகிறது. அதில் இதே வரிகளை இஸட்-எஸ்-எச்-ஆர்-சி கோப்பில் எழுத வேண்டும். இந்த ஷெல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது தொடங்கும்போது இம்மாறிகளில் ‘விஐ’ என்னும் எழுத்துகள் காணப்பட்டால், கட்டளை வரியின் விசைகளும் விஐ முறைக்கு மாறிவிடும். அதை விரும்பாதவர் ‘பைண்ட்கீ’ என்பதன் பின் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ‘ஈ’ என்னும் சிறிய எழுத்தும் கொண்ட வரியை அக்கோப்பில் சேர்க்க வேண்டும். ஃபிஷ் ஷெல்லில் ‘எக்ஸ்போர்ட்’ வரிக்குப் பதிலாக அதற்கே உரிய ‘செட்’ கட்டளை வழங்குகிறது.

சரிபார்த்தல்

‘எக்கோ’ கட்டளையுடன் டாலர் குறியிட்டு மாறியின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பு தெரியும். ஆனால் இச்சோதனை முழுமையானதன்று. எக்கோ காட்டுவது ஷெல் தன் நினைவில் வைத்திருப்பதை. அது பிற நிரல்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பதை அன்று. ‘எக்ஸ்போர்ட்’ என்னும் சொல்லை விட்டுவிட்டு எழுதினாலும் எக்கோ சரியான விடையையே காட்டும். கிரான்டாப்போ அதனை அறியாது. ஆகவே ‘பிரின்ட்என்வி’ என்னும் கட்டளையால் பார்க்க வேண்டும். இது தனி நிரலாதலால், தனக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே காட்டும். இதன் விடை வெறுமையாக இருந்தால், குறித்தது பலிக்கவில்லை என்று கொள்க.

அடிக்கடி நேரும் தடைகள்

முதலாவது, தனிச் சாளரத்தில் திறக்கும் திருத்திகளைப் பற்றியது. திருத்தியை அழைத்த நிரல், அது முடியும் வரை காத்திருக்கும். சில சாளரத் திருத்திகளோ கோப்பைத் திறந்த உடனே ‘முடிந்தது’ என்று அறிவித்துவிடுகின்றன. கிட் போன்ற நிரல் உடனே கோப்பைப் பார்க்கும்; குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை என்று கண்டு பதிவைக் கைவிட்டுவிடும். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் திருத்தியைக் குறிப்போர், நிரலின் பெயருக்குப் பின் இடைவெளி விட்டு, இரு சிறு கோடுகளுடன் ‘வெயிட்’ என்னும் சொல்லைச் சேர்த்து, முழுவதையும் மேற்கோள் குறிக்குள் இடவேண்டும்.

இரண்டாவது, சூடோவைப் பற்றியது. நிர்வாக உரிமையுடன் கட்டளை கொடுக்க உதவும் சூடோ, பாதுகாப்பைக் கருதிப் பயனரின் சூழல் மாறிகளுள் பெரும்பாலானவற்றை நீக்கிவிடும். எனவே தனிக் கணக்கில் சரியாக இருந்த குறிப்பு அங்கே பலிக்காமற் போகலாம். கணினியின் பொதுக் கோப்புகளைத் திருத்த ‘சூடோஎடிட்’ கட்டளையைப் பயன்படுத்துவது நன்று. அது கோப்பின் பிரதியொன்றைப் பயனருடைய திருத்தியில் திறந்து, முடிந்ததும் உரிய இடத்தில் வைக்கும். திருத்திக்கு நிர்வாக உரிமை கொடுக்கப்படுவதில்லை. சூடோவின் சொந்த உரிமைக் கோப்பை மட்டும் விசூடோவால்தான் திருத்த வேண்டும். எழுதியதில் இலக்கணப் பிழை இருந்தால் அது நிறுத்தி எச்சரிக்கும். எச்சரிக்கையை மீறிச் சேமித்தால் நிர்வாக உரிமையே கிடைக்காமற் போகக் கூடும்.

அறிமுகமில்லாக் கணினியில்

நம் கணினியில் குறித்து வைத்தது பிறருடைய கணினியில் இராது. வேறு நிலையத்தில் உதவிக்குச் சென்றபொழுது விஐ எதிர்ப்பட்டால் கலங்க வேண்டா. விஐ இரு நிலைகளில் இயங்குவது. தொடக்கத்தில் அது கட்டளை நிலையில் இருக்கும். அப்பொழுது ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. ‘எக்ஸ்’ ஓர் எழுத்தை அழிக்கும். ‘டி’ என்னும் நான்காம் ஆங்கில எழுத்தை இருமுறை அழுத்தினால் வரி முழுவதும் அழியும். ‘ஐ’ அழுத்திய பின்னரே எழுதும் நிலை வரும்.

ஆகவே இவ்வொன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடமாகக் கொள்ள வேண்டும்: எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, ‘க்யூ’, ஆச்சரியக்குறி ஆகியவற்றை அடித்து என்டர் தட்டினால், எதையும் சேமிக்காமல் வெளியேறலாம். கோப்பு திறப்பதற்கு முன் இருந்தபடியே இருக்கும். ஆச்சரியக்குறிக்குப் பதிலாக, ‘க்யூ’ எழுத்துக்கு முன் ‘டபிள்யூ’ இட்டால் சேமித்து வெளியேறும். ஐயம் இருக்கும்போது முதல் வழியே தக்கது.

கிரான் அட்டவணையைத் தொடுமுன்

நம் ஊழியரின் பணிக்கு மீள்வோம். திருத்தியைக் குறித்த பின்னும் இரு எச்சரிக்கைகள் தேவை. கிரான்டாப் கட்டளையில் சிறு கோட்டுடன் ‘ஈ’ இட்டால் அட்டவணை திருத்தத்துக்குத் திறக்கும்; ‘ஆர்’ இட்டால் அட்டவணை முழுவதும் நீக்கப்படும். ஆங்கில விசைப்பலகையில் இவ்விரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து உள்ளன. விரல் ஒரு விசை தவறினால் எல்லா வேலைகளும் போய்விடும். ஆகையால் திருத்துமுன் சிறு கோட்டுடன் ‘எல்’ இட்டு அட்டவணையைப் படித்து, அதனை ஒரு கோப்பில் பிரதி செய்துகொள்ள வேண்டும்.

மாற்ற வேண்டிய வரியின் தொடக்கம் 0 9 * * * என்று இருக்கும். முதலெண் நிமிடம், இரண்டாவது மணி. அதனை 45 8 * * * என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். பின்னர் மீண்டும் ‘எல்’ இட்டு, பழைய பிரதியுடன் ஒப்பிட்டு, ஒரு வரி மட்டுமே மாறியுள்ளது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மறுநாள் 8.45-க்குப் பின் செய்தி சேர்ந்ததா என்று விசாரித்த பிறகே வேலை முடிந்ததாகக் கருதலாம்.

ஆசிரியர்களுக்கு

சூழல் மாறி என்னும் கருத்தை வகுப்பில் விளக்க, ‘ரெயின்’ என்ற புதுப் பெயரில் ஒரு மாறியைப் பெரிய எழுத்துகளில் அமைத்து 12 என்னும் மதிப்பைக் கொடுக்கவும். எக்கோ அதனைக் காட்டும். அடுத்து ‘பாஷ்’ என்று அடித்து உள்ளே இன்னொரு ஷெல்லைத் திறந்து மீண்டும் எக்கோ கொடுக்கவும்; வெற்று வரியே வரும். ‘எக்ஸிட்’ அடித்து வெளியே வந்து, அம்மாறியை எக்ஸ்போர்ட் செய்து, அதே சோதனையைத் திரும்பச் செய்யவும். இப்பொழுது 12 தோன்றும். பலகையில் எழுதியதற்கும் தன் குறிப்பேட்டில் எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கண்ணாலேயே காண்பர்.

பயிற்சிக்கு உரிய வினாக்கள்:

1. எக்கோ சரியான பெயரைக் காட்டியும் கிரான்டாப் விஐ திருத்தியையே திறக்கிறது. காரணம் யாதாக இருக்கலாம்?

2. பாஷ்-ஆர்-சி கோப்பில் எழுதிச் சேமித்தும், திறந்திருந்த சாளரத்தில் மாற்றம் தெரியவில்லை. ஏன்?

3. ‘விஷுவல்’ மாறியில் விம், ‘எடிட்டர்’ மாறியில் நேனோ என்று இருந்தால் கிட் எதனைத் திறக்கும்?

4. கிரான் அட்டவணையைத் திருத்துமுன்னும் திருத்திய பின்னும் செய்ய வேண்டியவை எவை?

கருவி எதுவாயினும், அதனைக் கையாளும் நேரத்துக்கு முன்பே அது ஆயத்தமாக இருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் மழைமானியைத் துடைத்துச் சரிபார்ப்பது போல, அவசர வேலை வருமுன் இவ்விரு வரிகளையும் எழுதிச் சோதித்து வைப்பது ஒவ்வொரு நிலையத்திலும் பள்ளியிலும் வழக்கமாதல் வேண்டும். அதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.